வரி முறியும் இடம்

இந்த வரியை நீ எங்கே முறித்திருந்தாய்? மூன்று நாட்களாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

பதிப்பகத்திலிருந்து வந்த உன் நாவலின் மெய்ப்புத் தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. இருபத்தேழு அத்தியாயங்கள் நீ எழுதியபடியே வந்திருக்கின்றன. பக்கத்துக்குப் பத்து, பன்னிரண்டு குட்டை வரிகள், சுற்றிலும் வெள்ளை. கடைசி அத்தியாயம் மட்டும் ஒரே பத்தியாகக் கிடக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "இது மட்டும் ஏன் உரைநடை? திங்களுக்குள் சொல்லுங்கள்."

ஏன் என்று எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

கல்பாக்கத்துப் பள்ளி நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்காகக் கவிதையில் ஒரு நாவல் எழுதப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். முட்டுக்காட்டில் படகு ஓட்டுபவரின் மகள், தண்ணீருக்குப் பயப்படும் பன்னிரண்டு வயதுப் பெண், அந்தப் பயத்தை ஊருக்கே மறைக்கிறாள். கதை எனக்குப் பிடித்திருந்தது. வடிவம்தான் பிடிக்கவில்லை. "இது உரைநடைதான். நீ வெட்டிப் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான். பாதிக் காகிதம் வீண்" என்றேன். தமிழ் எம்.ஏ. படித்த திமிர் என்று நீ அதற்குப் பெயர் வைத்தாய்.

"இன்னாடி நீ, வெள்ளையா வுட்டா காகிதம் வேஸ்ட்டுன்றே. கீர்த்தனாவைக் கேளு, அவ சொல்லுவா."

கீர்த்தனா உன் பக்கத்துத் தெருப் பெண். எட்டாம் வகுப்பு. சதுரங்கப்பட்டினத்தில் உன் வீட்டு மாடிப்படியில் சனிக்கிழமை தோறும் வந்து உட்காருவாள். ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்று அவளே பெருமையாகச் சொன்னாள். நீ உன் முதல் அத்தியாயத்தை நீட்டினாய். புரட்டிப் பார்த்தவள், "எழுத்து கம்மியாத்தான் கீது மிஸ். இத முடிச்சிருவேன்" என்றாள். முடித்தாள். யாரும் சொல்லாமலே அடுத்த தாளைக் கேட்டாள். நானும் அன்று அங்கே இருந்தேன்.

அதற்குப் பிறகு உன் வேலை முறையே மாறிப்போனது. முதலில் நிறுத்தற்குறி இல்லாமல் ஓட்டமாக எழுதுவாய். அவளைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாய். அவள் எங்கே தயங்குகிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று பார்த்து அங்கே கோடு போடுவாய். "உன் கவிதையை எட்டாவது படிக்கிற பெண் வெட்டுகிறாளா?" என்று கேட்டேன். "அவ வெட்றா, நான் தைக்கிறேன். ஒனக்கு இன்னா பேஜாரு?" என்றாய்.

கடைசி அத்தியாயத்தை எனக்குப் போனில் அனுப்பினாய். அன்று மாலை செங்கல்பட்டில், இதே மேசையில், அதைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வரியின் முடிவையும் அழித்து, எல்லாவற்றையும் ஒரே பத்தியாக்கினேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. உனக்குத் திருப்பி அனுப்பி, "இப்போது படி. என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்டேன்.

"நேர்ல வா, சொல்றேன்" என்று பதில் போட்டாய்.

வேலை இருந்தது. விடைத்தாள் இருந்தது. பதினொரு நாள் கழித்து நேரில் வந்தேன். உன் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் போட்டிருந்தார்கள்.

உன் போனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, உன் மகன் அதைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிட்டான். என் போனும் மாறிவிட்டது. உன் அலமாரியில் அந்த அத்தியாயம் மட்டும் காகிதத்தில் இல்லை. மிஞ்சியிருப்பது நான் ஒட்டிவைத்த பத்திதான். அதன் கடைசி வரி: "அப்பா கை நீட்டினார் நான் பிடிக்கவில்லை படகு அசைந்தது தண்ணீர் அசைந்தது நான் மட்டும் அசையாமல் நின்றேன் பிறகு காலை எடுத்து வைத்தேன்."

மூன்று நாளாக வெட்டிப் பார்க்கிறேன். 'பிறகு' என்ற சொல்லைத் தனி வரியில் நிறுத்தி, மேலும் கீழும் இடம் விட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. நீ அழகுக்காக எதையும் நிறுத்துகிறவள் இல்லை. ஒன்றும் குறையவில்லை என்று காட்ட எடுத்ததைத்தான் இன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த மேசைக்கு எதிரே நீ ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும், திட்டிக்கொண்டே கோடு போட்டுவிட்டுப் போய்விடுவாய்.

கீர்த்தனாவிடம் கேட்கலாம். இதையும் அவள் உனக்குப் படித்துக் காட்டியிருப்பாள். கேட்டால் நான் செய்ததைச் சொல்ல வேண்டிவரும். இத்தனை மாதம் தள்ளிப்போட்டது அதனால்தான். நாளை சனிக்கிழமை. பஸ் ஏறுகிறேன்.

*

சனிக்கிழமை நடந்தது இது.

அவளிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அழிச்சிட்டீங்களா? மிஸ்ஸு கிட்டக் கேக்காமயா?" என்றாள். ஆமாம் என்றேன். "இத அவங்க எனக்குக் குடுக்கவே இல்லியே ஆண்டி. கடைசி மட்டும் நீயா புத்தகத்துல படிச்சிக்கன்னு சொன்னாங்க."

ஆகவே, நீ எங்கே முறித்தாய் என்பது யாருக்குமே தெரியாது.

பத்தியைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். "செவுரு மாதிரி கீது" என்றாள். ஆனாலும் படித்தாள். உன் வீட்டு மாடிப்படியில் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து பென்சிலோடு கேட்டேன். 'நான் மட்டும்' என்ற இடத்தில் நின்றாள். கோடு போட்டேன். 'நின்றேன்' என்ற இடத்தில் நின்றாள், இன்னொரு கோடு. அடுத்ததில் நிற்கவே இல்லை. 'பிறகு காலை எடுத்து வைத்தேன்' முழுதும் ஒரே மூச்சில் போய்விட்டது.

"பிறகு என்ற இடத்தில் நிற்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"பயந்துகினு இருக்கிறவ நின்னு நின்னா ஆண்டி கால வெப்பா? வெடுக்குனு வெச்சிடுவா."

என் இடைவெளியை அழித்தேன்.

"அவ்ளோதானா?" என்று கேட்டபடி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நானும் இரண்டு முறை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.