உங்களுக்கென்று எடுத்து வைத்த டப்பா

அப்பாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் கால் புண் ஆறியதா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியைத் தடுக்கும் எங்கள் பொடி, சோதனைக் குழாயில் சமர்த்தாக வேலை செய்தது. சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கோ வயிறு உப்பி, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார முடியவில்லை. சிரித்துவிட்டோம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கவில்லை. நேற்று ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

“கால்ல ஒரு விரல் போயும், பொண்ணோட மருந்து வரட்டும்னு மாத்திரையத் தொடமாட்டேங்குறாருடி” என்று அம்மா போனில் அழுதாள். பெருமையடித்தது என் வாய்தான். அந்த மருந்து வராதுப்பா. டாக்டர் கொடுத்ததை இன்றே போடுங்கள்.

இங்கே குளிர். உங்கள் பழைய சால்வையை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

ஆய்வகத்தைக் காலி செய்யக் கூப்பிடுகிறார்கள். உங்களுக்கென்று ஒரு டப்பா பொடி எடுத்து வைத்திருந்தேன். அதையும் கொட்டப் போகிறேன்.

உங்கள்
வாயாடி