செப்புக்குடத் தண்ணீர்

பெங்களூரிலிருந்து நம் மகள் ஒரு செம்புப் பாட்டில் அனுப்பியிருக்கிறாள். படுக்கப்போகும்போது தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்க வேண்டுமாம், உடம்புக்கு அத்தனை நல்லதாம். இன்று காலை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எதையும் முகராமல் வாயில் வைக்காத பழக்கம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பேட்டை வீட்டு முன்னறையும், சுவரை அடைத்துக்கொண்டிருந்த உங்கள் கடல்தொட்டியும், அதற்குள் சுருங்கி நின்ற அந்தப் பவளமும் வந்துவிட்டன. பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். தினமும் குடிக்கிறேன் என்று மகளிடம் சொல்லியாயிற்று. அவளும் உங்கள் பிள்ளைதானே, நம்பியிருக்க மாட்டாள்.

நீங்கள் எதைத்தான் நம்பினீர்கள்? கண்டக்டர் தந்த ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். பால்காரரின் வாளிக்குள் எட்டிப் பார்ப்பீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் காப்பியைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடித்தீர்கள். “மாப்பிள்ளைக்கு நம்ம மேல சந்தேகம்லா” என்று என் அண்ணன் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தான்.

அந்தத் தொண்ணூறுகளில் பேட்டையில் உங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருந்தது. நாளெல்லாம் காப்பர் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்குக் கடல்மீன் வளர்க்கும் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேன்களைத் தூக்கிக்கொண்டு கடல்நீர் பிடிக்கத் தூத்துக்குடிக்குப் போவீர்கள். திரும்பும்போது முகம் மலர்ந்திருக்கும், கையில் மக்ரூன் பொட்டலம் இருக்கும். தண்ணீர் பிடிக்கப் போன மனிதருக்கு இத்தனை சந்தோஷம் எதற்கு என்று எனக்கு உறுத்தியது. சந்தேகம் என்ன உங்கள் ஒருவருக்கே பட்டா போட்டுக் கொடுத்ததா? ஒரு ஞாயிறு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று, “ஒம்ம படகு எண்ணெயை இங்கன விடாதயும் வே” என்று ஒரு படகுக்காரரோடு நீங்கள் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இந்த மனுஷனை எவள் சீந்துவாள் என்று நிம்மதியாகக் கரையில் உட்கார்ந்து மக்ரூன் தின்றேன்.

அந்தப் பவளமும் அங்கேதான் கிடைத்தது. வலையில் சிக்கி வந்த கல்லில் ஒட்டியிருந்தது. இப்போது அதை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் போட்டுவிடுவார்கள். அன்று அதெல்லாம் நம் காதுக்கு எட்டவில்லை. கல் போல இறுகாமல் தோல் போல வளைகிற வகை. காளான் குடை மாதிரி நின்று, மேலே பொடிப்பொடியாகப் பூவிரல்களை நீட்டி அசைத்துக்கொண்டிருக்கும். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அதன் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வேன். உங்களிடம் சொன்னதில்லை.

பிறகு அது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. “தோல் உரிக்கும், அது அப்படித்தான். பைய விரியும்” என்றீர்கள். விரியவில்லை. குடை ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. தொட்டி நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து நழுவி விழுந்தன. கடல்நீரை மாற்றினால் கொஞ்சம் தலை நிமிரும், மறுபடி கூம்பிவிடும்.

உங்கள் விசாரணை தொடங்கியது. முதலில் கொசுவத்தி; அந்த வாரம் முழுக்கக் கொசு நம்மைப் பிடுங்கியது. அடுத்து என் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. அப்புறம் டியூப்லைட்டை மாற்றினீர்கள். அதற்கும் மசியவில்லை என்றதும், ஜங்ஷனில் வளர்ப்பு மீன் விற்கிற அண்ணாச்சி மேல் பாய்ந்தீர்கள். மீன் நோய்க்கு அவர் மயில்துத்தம் கலந்து, அந்தத் தண்ணீரோடு நமக்கு மீன் தந்துவிட்டார் என்று.

“துத்தம்னா காப்பர்லா? துளி காப்பர் போதும், பவளமும் நத்தையும் போயிரும். புத்தகத்துலயே போட்டுருக்கு” என்றீர்கள். அதற்காகத்தான் பட்டறைச் சட்டையை வாசலிலேயே கழற்றிப் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வருவீர்கள். அந்த அண்ணாச்சி சாமி மேல் சத்தியம் பண்ணினார். நீங்கள் அவர் சாமியையும் நம்பவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தீர்கள்.

“மீனு நல்லா ஓடியாடித் திரியுது. பவளமும் நத்தையுந்தான் போவுது. தண்ணிய மாத்துனாலும் மறுபடி கூம்புது. அப்பம் யாரோ இதுல எதையோ ஊத்துதாங்க.” என்னை உற்றுப் பார்த்தீர்கள். “ஏட்டி, நீ ஊத்துனியா?”

“நான் எதுக்கு ஊத்துதேன்?”

“ஞாயித்துக்கெழம நான் போறது ஒனக்குப் பிடிக்கல்லயே.”

அந்தக் கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. கொசுவத்தி, சாம்பிராணி, மீன்கடை அண்ணாச்சி, அடுத்தது நான். கட்டின பெண்டாட்டியை விஷம் வைக்கிறவளாகப் பார்க்கிற மனிதருக்கு அன்றைக்கும் சோறு போட்டேன். அந்தப் பவளம் செத்தால் பழி காலத்துக்கும் என் தலையில்தான் என்று புரிந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் உங்களைவிட எனக்கு அதிகமாகிவிட்டது. அன்றிலிருந்து நான் உங்களைக் கண்காணித்தேன்.

தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பு தங்கிவிடும், நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும் என்று அதை நம்ப மாட்டீர்கள். குறுக்குத்துறைக்குச் சைக்கிளில் போய் ஆற்றுத் தண்ணீர் எடுத்துவந்து, என் சீரோடு வந்த செப்புக்குடத்தில் தெளியவைத்து ஊற்றுவீர்கள். “ஆத்துத் தண்ணி, அதுலயும் செம்புல கெடந்த தண்ணி. இதுக்கு மேல சுத்தம் ஏது?” நானும் வெள்ளிதோறும் புளி போட்டு அதைப் பளபளவென்று தேய்த்துவைப்பேன்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டு அக்கா தன் மகளின் கல்யாணத்துக்குக் குடத்தை இரவல் வாங்கிப் போனாள். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் வாளியில் தெளியவைத்தீர்கள். வழக்கம்போல் கடல்நீரை மாற்றினீர்கள், பவளம் நிமிர்ந்தது. ஆனால் இந்தத் தடவை கூம்பவில்லை. ஓரத்தில் இரண்டொரு விரல்கூட எட்டிப் பார்த்தது. “பாத்தியா, நான் போட்ட சத்தத்துல கடைக்காரன் பயந்துட்டான்” என்று மீசையைத் தடவினீர்கள். கல்யாணம் முடிந்து குடம் திரும்பி வந்தது. அதில் தெளியவைத்து ஊற்றினீர்கள். நீட்டிய விரல்கள் உள்ளே போய்விட்டன.

குடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. நேராகச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், தப்பிக்கக் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அதனால் கேட்டேன்.

“இந்தக் கொடம் எதுல செஞ்சது?”

“செம்புல.”

“பட்டறையில நீங்க கட்டுத கம்பி?”

“காப்பர்.”

“ரெண்டும் என்னது?”

பட்டறையில் அது காப்பர், விஷம். அடுக்களையில் அது செம்பு, சத்து. ஒரே தலைக்குள் இரண்டும் சந்தித்துக்கொள்ளாமலே இருந்திருக்கின்றன. உடனே ஒத்துக்கொண்டுவிட்டீர்களா என்ன? குடத்தைத் தூக்கி முகர்ந்தீர்கள், நகத்தால் சுரண்டினீர்கள், பையில் கிடந்த கம்பித்துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தீர்கள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“ஆத்துப் பேருலயே தாமிரம் இருக்குட்டி. எனக்கு ஒறைக்கல்லயே.”

என்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து போய்த் தொட்டிக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தீர்கள். “இனிமே நீயே ஊத்து” என்றீர்கள். அந்தப் பக்கம் யாரையும் விடாதவர். எனக்கு அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். பவளம் விரிய மாதக்கணக்காயிற்று. ஒரு ஓரம் கடைசிவரை விரியவே இல்லை.

தொட்டி போய்விட்டது, பட்டறையும் போய்விட்டது. உங்கள் சந்தேகத்தை மட்டும் எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். காய்கறிக்காரரிடம் தராசை உற்றுப் பார்க்கிறேன், மகள் அனுப்பும் மாத்திரையை முகர்கிறேன். ஆனால் அதோடு இன்னொன்றையும் வைத்திருக்கிறேன், அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாட்களில் நர்ஸ் தண்ணீர் தந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். மகள் தந்தாள், தம்ளரை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டீர்கள். நான் வாங்கி அதைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி உங்கள் உதட்டருகில் கொண்டுவந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

“நீ ஊத்துனியா?”

“ஆமா. நான்தான் ஊத்துனேன்.”

முகராமல் குடித்தீர்கள்.