கிளினிக் நாளில் கைக்குழந்தைகளின் காதையும் பார்க்கக் கோரி

அனுப்புபவர்:
திருமதி பவுலின் அலோசியஸ், உதவி ஆசிரியை,
பச்சைப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, டிக்கோயா.

பெறுபவர்:
சுகாதார சேவைகள் அத்தியட்சகர் அவர்கள்,
நுவரெலியா.

பொருள்: தோட்டத்துக் கைக்குழந்தைகளின் கேட்கும் திறனைத் தடுப்பூசி நாளிலேயே பரிசோதித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை ஒரு வருடத்திற்கு முன்பே எழுதியிருக்க வேண்டியவள் நான். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. என் மூத்த மகள் பெற்றீசியாவுக்கு வயது மூன்று. நான் பாடசாலைக்குப் போகும் நேரம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்காயி அம்மா, "ஃபெக்டரி சங்கு ஊதினாலும் அசையாது டீச்சரம்மா. இப்பிடி பத்துப் புள்ளைங்க இருந்தா நான் உக்காந்தே சம்பளம் வாங்குவேன்" என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

2. அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கையில் எனக்குச் சந்தேகம் தட்டியது. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரிடம் கொண்டுபோனேன். அவர் குழந்தையை மேசைமேல் உட்காரவைத்து, பின்னாலிருந்து அதே மேசையைத் தட்டினார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா டீச்சர், கழுத்த என்னா வெட்டு வெட்டுறா! நீங்க படிச்சவங்க, புத்தகத்த பாத்துப் பயப்படுறீங்க" என்றவர், கார்டில் 'காது நன்று' என்று எழுதிக் கொடுத்தார். அவர்மீது நான் குறை சொல்லவில்லை. அவளுக்குச் சளி கட்டியபோது அடைமழையில் குடையில்லாமல் எங்கள் லயத்து வீட்டுக்கு நடந்து வந்தவர். மேசையின் அதிர்வுக்கும் குழந்தை திரும்பும் என்பது அவருக்கும் தெரியவில்லை, கல்லூரியில் படித்த எனக்கும் தெரியவில்லை. தவிர, அவர் எழுதியதை நம்ப எனக்கு ஆசையாகவும் இருந்தது.

3. அவளுக்கு இரண்டு வயதானபோது, கொட்டகலை ஸ்டேஷனில் தூரத்தில் ரயில் ஊதியது. பக்கத்து மடியிலிருந்த குழந்தை வீரிட்டது. என் மகள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டேயிருந்தாள். கண்டியில் காது வைத்தியர் பார்த்து, இரண்டு காதும் கேளாது என்றார். அதுவரை அடுப்பைப் பார்த்தபடியும் துணி துவைத்தபடியும் அவளிடம் எவ்வளவு பேசியிருக்கிறேன் ஐயா! ஒன்றும் அவளைச் சேரவில்லை. இப்போது முகம் பார்த்துப் பேசுகிறேன். அவள் என் தொண்டையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

4. அந்த வைத்தியர் காட்டித் தந்த முறைக்கு இயந்திரம் வேண்டாம். சிறு மணி ஒன்று, கிலுகிலுப்பை ஒன்று. குழந்தை தாய்மடியில் இருக்க, எதையும் தொடாமல், அதன் கண்ணில் படாமல், பின்னாலிருந்து காது மட்டத்தில் ஒலிக்க வேண்டும். பிறந்த குழந்தை திடுக்கிடுகிறதா, ஆறு மாதத்துக் குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தடவை சந்தேகப்பட்டால் கண்டிக்கு அனுப்பலாம். எங்கள் மருத்துவிச்சி நாகலெட்சுமிக்கு ஒரு நாள் பழக்கினால் போதும்.

ஐயா, எனக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. நானே மணியடித்துப் பார்த்தேன். ஒரு தரம் சிணுங்கினாள். மறு தரம் அசையவில்லை. எதையும் நிச்சயிக்க முடியவில்லை. தாலாட்டுப் பாடினாலும் பாட்டில் மனம் நிற்பதில்லை. அவள் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால், இம்மாதம் 18ஆம் திகதி புதன்கிழமை எங்கள் தோட்டத்தில் நடக்கவுள்ள தடுப்பூசி கிளினிக்கிற்கு இந்தப் பரிசோதனை தெரிந்த ஒருவரை அனுப்பி, வருகிற பதினொரு குழந்தைகளையும் பரிசோதிக்க உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். என் குழந்தைக்கு முதலிடம் கேட்கவில்லை, வரிசையில் நிற்பேன். அவளுக்குக் கேட்கவில்லை என்றால் அதை அன்றே என்னிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். என்னைத் தேற்ற வேண்டியதில்லை. அவளிடம் எப்படிப் பேசுவது என்று நான் உடனே கற்றுக்கொள்ள வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
பவுலின் அலோசியஸ்

இடம்: டிக்கோயா
திகதி: 09.06.1986