வெயில் விழும் ஒரே இடம்

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நானும் எங்கள் தேர்வுத்துறை ஆபீஸின் பரீட்சைத் தாள்களும் நலம். பின்முற்றத்துப் பாய்ப்பூ எப்படி இருக்கிறது? தரையோடு தரையாகப் படர்கிற செடிதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதே. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். உரம் போட்டால் இலைதான் மண்டும், பூ வராது. அதற்கு வேண்டியது முழு வெயில், அவ்வளவுதான். நடுவில் வழுக்கை விழுந்திருந்தால், ஓரத்தில் வேர்விட்ட துண்டைப் பெயர்த்து அங்கே நடு. பத்து வருஷம் கண்ணும் கருத்துமாக வளர்த்தது, உன்னை நம்பித்தான் விட்டுவந்திருக்கிறேன்.

அம்மாவின் இடுப்பு தேவலையா? விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் பாய்ப்பூவுக்குப் பத்து வரி, அம்மாவுக்கு ஒரு வரி. வாசித்துக் காட்டும்போது அந்த ஒன்றை நான்தான் இழுத்து நாலாக்கினேன்.

அம்மாவுக்கு முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது, ஆனால் இனி நடை கிடையாது. சக்கர நாற்காலி வாங்கியாயிற்று. "தினமும் காலை வெயில்ல ரெண்டு மணி நேரம் உட்கார வைங்க" என்கிறார் டாக்டர். நம் வீட்டில் காலை வெயில் விழும் ஒரே இடம் உன் பாய்ப்பூ படர்ந்த இடம்தான். அங்கே சக்கரம் புதைகிறது. செங்கல் பதித்துக்கொள்ளட்டுமா?

இன்னொன்று. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் என்னைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். வெளியூர், ஒரே மாதம், முடித்தால் வேலை நிச்சயம். பிப்ரவரி முதல் தேதி போய்ச் சேர வேண்டும். முப்பத்தாறு வயதில் இனி என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? பதினைந்து நாள் நீ வந்து இரு. மீதி நாளைப் பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை பார்த்துக்கொள்கிறாளாம். வாழ்க்கையில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், வா.

உன் அன்புத் தங்கை

ஜனவரி 27

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே தலைக்கு மேல் வேலை. லீவு என்று வாயெடுத்தாலே எங்கள் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். நான் என்ன செய்ய, சொல்? பயிற்சி எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வருஷமும் வரும்.

செங்கல் பேச்சை மட்டும் எடுக்காதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வை, அங்கேயும் வெளிச்சம் வருகிறதே. செடியைக் கத்தரிக்க நல்ல கத்தரி ஒன்று அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

உன் அன்பு அக்கா

மார்ச் 18

அன்புள்ள குட்டிக்கு,

ஒன்றரை மாதமாக ஒரு வரி இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயா? சிரி, நல்ல செய்தி. ஏப்ரலில் பதினைந்து நாள் லீவு கிடைத்துவிட்டது! பூக்கிற சமயம் பார்த்துக் கேட்டேன், அதிகாரி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். என்னோடு வேலை பார்ப்பவளும் வருகிறாள். முற்றம் முழுக்க ஊதா விரித்ததுபோல் இருக்கும் என்று அவளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிக்கிறது. மானத்தை வாங்கிவிடாதே, களை பிடுங்கி வை.

உன் அன்பு அக்கா

மார்ச் 25

அக்கா,

கேட்டதும் கையெழுத்துப் போடுகிற மனிதர்தானா உன் அதிகாரி? அப்படியென்றால் ஜனவரியில் நீ கேட்கவே இல்லை.

என் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. முதல் தேதி வரை உன்னை எதிர்பார்த்தேன், மடச்சி. அன்று காலையில்கூடப் பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். பஸ் போயிருக்கும் என்று தெரிந்த பிறகு மண்வெட்டியை எடுத்தேன். உன் பாய்ப்பூ லேசில் வரவில்லை, தொட்ட இடமெல்லாம் வேர் விட்டிருந்தது. பொழுது சாய்கிறவரை தோண்டினேன். மறுநாள் கொத்தனார் வந்து செங்கல் பதித்தார். இப்போது அம்மா எட்டு மணியிலிருந்து பத்து வரை அங்கேதான் இருக்கிறாள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். உன் கண் குளிர்ந்தவரை போதும். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நான் பெட்டியைக் கட்டி அவிழ்த்ததை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தோண்டியதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தடுக்கவில்லை. கடைசியில்தான் வாய் திறந்தாள்.

"ஓரமா ஒரு கை அகலமாவது விட்டு வைடி. பெரியவ வந்து பார்த்தா மனசு ஒடஞ்சிடுவா."

அந்த ஓரத்தையும் தோண்டி எடுத்துவிட்டேன்.

தங்கை