இடது குமிழைத் திருப்பியது நான்தான்

என் சாந்தி அக்காவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாதது ஒரே ஒரு வரி. இடது குமிழைத் திருப்பியது நான்தான். நீயும் வனஜாவும் டீ குடிக்க வீட்டுக்குள் போயிருந்தீர்கள். கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். ஒரு நெல் அளவுதான் நகர்த்தினேன்.

மீனாட்சிபுரத்தில் நம் மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்து, கருகிப்போன ஸ்பீக்கர்களுக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள் நீ. சுற்றியபின் அதன் குணத்தை அளந்தால்தான் எத்தனை லிட்டர் பெட்டியில் வைப்பது என்று தெரியும். அதற்குக் கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். "நீதான் படிக்கறவ, பாத்துச் சொல்லு அம்முணி" என்று என்னிடம்தான் முதலில் கேட்டாய்.

மூன்று மாதம் படித்தேன். அதில் வயர் மாட்டும் ஒரு வாயில், வெளியே போகும் ஒலியைப் பார்க்கும். மற்றது ஸ்பீக்கரில் வந்து சேர்வதைப் பார்க்கும். இரண்டையும் ஒப்பிடுவதுதான் மொத்த வேலையும். இரண்டில் ஒன்று கூடினாலும் கணக்கு தப்பிவிடும். அதனால் பின்பக்கம் இரண்டு லைன் வாயில்கள் மட்டும் உள்ள, அளவைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் குமிழே இல்லாத ஒன்றைத் தேர்ந்தேன். 'கை படுவதற்கு எதுவும் இருக்கக் கூடாது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

பிறகு நீ மூணாறுக்குப் போன் செய்தாய். எஸ்டேட்டில் வளர்ந்த வனஜா, உன் ஹாஸ்டல் தோழி. அவள் சொன்னது முன்பக்கம் இரண்டு குமிழ் உள்ளதை. அதில் கிடார் மாட்டும் வாயில், அளக்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்யாது, ஹெட்போன் வாயிலுக்கு வலு உண்டு, நாளைக்கு மைக்கும் மாட்டலாம் என்றாள். எல்லாமே சரியான காரணங்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ என் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நீ சொன்னா செரிதான் அம்முணி" என்றாய். அவளிடம். அந்தச் சொல் என்னுடையது இல்லையா அக்கா?

அந்த இன்டர்ஃபேஸ் வந்ததும் அவளும் வந்தாள். அளவு தெரிந்த ரெசிஸ்டரை மாட்டி இரண்டு வாயிலையும் சமன் செய்தாள். இனிமேல் குமிழைத் தொடக் கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு உன் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்குப் போனாள். அவள் தேர்ந்தது உன் முன்னால் தப்பாகிப்போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

திரும்பி வந்து, கோயில் நோம்பிக்காக வந்திருந்த அந்தப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரை அளந்தீர்கள். காயிலின் மின்தடை, அந்த ஓம் கணக்கு, கூடுதலாக வந்தது. வனஜா நெற்றியைச் சுருக்கினாள். "திரும்ப ஒருக்கா அந்த ரெசிஸ்டர வச்சுப் பாப்பமா?" என்றாள். நம் பழைய மீட்டரில் ஒத்துப் பார்க்கலாமென்றால் அது எப்போதும் ஏதாவது கூட்டியே காட்டும், அதை நீ நம்புவதில்லை. பெட்டி அறுக்கும் தச்சரும் அளவுக்காகக் காத்திருந்தார். "வேண்டாம், நாஞ் சுத்துனதுலதான் ரெண்டு சுத்து கூடிப்போச்சாட்ட இருக்குது" என்றாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ அவளைக் குறை சொல்லும் நிமிடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அது வரவேயில்லை.

தப்பான எண்ணுக்குப் பெட்டி அறுத்தார்கள். கோவிந்தாபுரத்து சவுண்ட் சர்வீஸ்காரர் நோம்பி முடிந்த மறுநாளே அதை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். "ஏனுங்க அம்மிணி, பாட்டுப் போட்டா எரும மொணகறாப்பல இருக்குதுங்க. சாமியே எந்திரிச்சுப் போயிருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அளவெடுத்தது அந்த மூணாறுப் பிள்ளைதானே என்றும் கேட்டார். "அவள ஒண்ணுஞ் சொல்லாதீங்க. என்ற கைதானுங்க ஏமாத்திருச்சு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ காயில் சுற்றவில்லை. சுற்றும் மெஷினைச் சாக்கால் மூடினாய். கடையில் விற்கும் காயிலை வாங்கி ஒட்டிக்கொடுத்தாய். ஆடியில் காய்ச்சல் வந்தது. நாலே நாள், போய்விட்டாய். அந்த நாலு நாளும் மூச்சு வாங்க வனஜாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாய். எனக்கு ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குச் செய்தி என்று நினைத்திருப்பாய். புரிகிறது. ஆனாலும் எரிந்தது. இப்போதும் எரிகிறது.

போன மாதம் அந்த இன்டர்ஃபேஸின் யூஎஸ்பி வாய் தளர்ந்து போனது. வேறொன்று தேர்ந்தெடுக்கப் பழைய நோட்டை எடுத்தேன். குமிழ் இல்லாததையே வாங்கினேன். அன்று அதற்குக் காரணம் நான் படித்தது. இன்று காரணம் என் கை.

முதலில் அளந்தது, கோவிந்தாபுரத்துக்காரர் திரும்ப வாங்காமல் விட்டுப்போன அதே ஸ்பீக்கரை. ஒவ்வொரு தடவையும் ரெசிஸ்டரை வைத்துச் சரிபார்த்து, மூன்று முறை அளந்தேன். ஒரு சுற்றுகூடக் கூடவில்லை அக்கா. உன் கை சரியாகத்தான் சுற்றியிருந்தது.

வனஜாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "அவ கை தப்புன்னு நானும்ல நம்பிட்டேன்" என்றாள். என்னைத் திட்டவில்லை. அந்த ஸ்பீக்கரைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீ கடைசியாகச் சுற்றிய காயில் அது. அதையும் அவள் கேட்கிறாள். இரண்டு நாள் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன்.

கோவிந்தாபுரத்துக்காரரிடமும் நானே போய்ச் சொல்வேன். உன் கை தப்பியது என்று எவர் வாயிலும் இனி வரவிடமாட்டேன். அதற்கு என் பெயர் கெட்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை உடுமலை போய், ஸ்பீக்கரை மூணாறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வனஜாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
அம்முணி