மாற்றாமல் விட்ட பெயர்

உன் நோட்டைப் பிரித்ததும் என் அச்சுக்கடை முழுக்கத் தோல் வாடை அடித்தது. நீ வேலை பார்த்த தோல் பதனிடும் கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவுக்கு வாங்கி, எழுதாமல் மிஞ்சிப்போன நீள நோட்டு அது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. தோல் ஷாப்பின் வாடை இன்னும் தாளை விட்டுப் போகவில்லை. உன் மகள் ரேவதி அதை என் மேசைமேல் வைத்து, "அப்பா எழுதுன வம்சாவளிய பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணணும் சித்தப்பா. வருஷத் தெவசத்துக்குள்ள குடுத்துடுங்க" என்றாள். சரி என்றேன். அவள் போன பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது.

என் கடைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் இல்லாமல் வந்தவன் நீ ஒருவன்தான். ஞாயிறு தவறாமல் வந்து நின்று, "இந்த வாரம் யாரு தோஸ்த்?" என்று கேட்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு அடித்த போஸ்டரில் எல்லாம் ஒன்று உனக்கென்று எடுத்து வைத்திருப்பேன். நீ இறந்தவரின் படத்தைப் பார்க்கவே மாட்டாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீழே பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிப்பாய். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையுமான என்று போகிற அந்த வரிகளை நீ படித்த அக்கறையோடு வேறு யாரும் படித்ததில்லை, அடித்த நான் உட்பட.

இந்தப் பைத்தியத்தை உனக்குப் பிடிக்க வைத்தது உன் முதலாளிதான். அவர் அறையில் கண்ணாடி போட்டு ஒரு மரம் மாட்டியிருந்தது. அடியில் மூதாதை, கிளை கிளையாக மகன்கள், பேரன்கள், எல்லாம் உருது எழுத்தில். ஷஜ்ரா என்று அதற்குப் பெயர் சொன்னாய். அவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் ஒன்றும் உண்டு, அது எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தாத்தாவோடு வந்தது என்று அவர் விரல் வைத்துக் காட்டினாராம். அன்றைக்குச் சாயங்காலம் நீ டீயைக் குடிக்காமலே ஆறவிட்டாய். "அவருக்கு ஏழு தலமுறை சுவத்துல தொங்குது தோஸ்த். எனக்குப் பேருக்கு முன்னால ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்துக்கு மேல யாருன்னு கேட்டா தெரியாது."

அது வெறும் ஆசையாக இருந்த வரைக்கும் நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில்தான் அது வேறாக மாறியது. அவர் உன்னை அடையாளம் தெரியாமல், "ராஜாத்தி அக்கா வந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உனக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததே அப்போதுதான் தெரியும். உன் அப்பா பிறந்த மாதனூரில் கிணறு வெட்ட வந்த ஒரு ஆளோடு போய்விட்டவள், வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள், அதற்குமேல் பேச்சே இல்லை என்று சாவுக்கு வந்த ஒரு கிழவி சொன்னாள். அந்த ஆளின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. "அவரு கேட்டதுக்கு நான் ஒரு பதிலும் சொல்லல" என்று நீ சுடுகாட்டிலிருந்து வரும்போது சொன்னாய். அத்தை உயிரோடு இருக்க மாட்டாள், ஆனால் அவள் வயிற்றில் பிறந்தது எங்காவது இருக்கும், அதைக் கண்டுபிடித்தே தீருவேன் என்றாய்.

தேடினாய். மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடு, கருமாதிப் பத்திரிகை, சுவரில் பாதி கிழிந்த போஸ்டர் என்று ஒன்றையும் விடவில்லை. சாவு வீட்டில் போய் உட்கார்ந்து, "உங்க பூர்வீகம் இன்னா?" என்று கேட்பாய். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? "இன்னா ஆளுன்னு தெரிஞ்சிக்கணுமா உனக்கு?" என்று ஒருவன் உன் சட்டையைப் பிடித்தே விட்டான். நான்தான் நடுவில் புகுந்து இழுத்து வந்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். நீ சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டு வந்தாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது.

என் தொழிலில் புது போஸ்டர் என்று ஒன்று கிடையாது. நேற்று இறந்தவரின் ஃபைலைத் திறந்து, படத்தை மாற்றி, பெயர்களை மாற்றி, இன்றைக்கு இறந்தவருக்கு அடிப்பதுதான் வழக்கம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஒருநாள் காலையில் சுரேஷ் வந்தான். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை, சொந்த ஊர் நெமிலி. அப்பா போய்விட்டார், மத்தியானம் எடுத்துவிடுவார்கள், அதற்குள் போஸ்டரோடு ஊருக்குப் போக வேண்டும் என்று நின்றான். தாத்தா பெயரைச் சொன்னான். ஆயா பெயரைக் கேட்டேன். "தெரியாதுண்ணே. ஆயாவ நாங்க பாத்ததே இல்ல. அப்பா சின்னப் புள்ளையா இருக்கும்போதே போய்ட்டாங்க. அண்ணன்கிட்ட கேட்டு போன் பண்றேன்" என்றான். வரட்டும் என்று அந்த இடத்தில் முந்தின நாள் போஸ்டரில் இருந்த பெயரை அப்படியே விட்டுவைத்தேன். அவன் போன் செய்யவில்லை, நானும் மறந்தேன். ப்ரூஃபை நீட்டியபோது அவன் அப்பாவின் படத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினான். அச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அந்தப் போஸ்டரைப் படித்தாய். "மாதனூர் ராஜாத்தியம்மாள்" என்று வாய்விட்டுச் சொன்னாய். மறுபடி சொன்னாய். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அது மாற்றாமல் விட்ட பெயர் என்று அந்த நேரத்தில் எனக்குச் சத்தியமாக ஞாபகம் இல்லை. நானும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

நெமிலிக்கு நீ போனபோது அவர்கள் உன்னை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கவில்லையாம். சுரேஷின் அண்ணன், வயலில் இருந்து வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டி, "எங்களுக்கே ஆயா பேரு இதுலதான் தெரிஞ்சிது. போட்டிருக்குதுன்னா யாரோ பெரியவங்க சொல்லித்தான போட்டிருப்பாங்க" என்றாராம். நீ அதை எனக்கு எத்தனை தடவை சொன்னாய்! அச்சில் வந்ததால் அவர்களும் நம்பினார்கள், நீயும் நம்பினாய். நெமிலியிலிருந்து உனக்கு மூட்டையில் நெல் வந்தது. பொங்கலுக்கு நீங்கள் குடும்பத்தோடு அங்கே போனீர்கள். முறையும் ஒத்துவந்தது. அத்தை மகனின் மகன் உனக்கு மருமகன் முறை என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ரேவதியைச் சுரேஷுக்கே பேசி முடித்தாய். பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. "விட்டுப்போன சொந்தம் தோஸ்த். மறுபடி விட்டுடக் கூடாது" என்றாய்.

கல்யாணப் பத்திரிகை என் கடையிலேதான் அடித்தது. மணமகன் பெயருக்கு மேலே, 'மாதனூர் அமரர் ராஜாத்தியம்மாள் அவர்களின் பேரன்' என்று போடச் சொன்னாய். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் வந்தாள். அமிர்தி போகிற வழியில் ஒரு ஊர். அவள் அப்பாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அடிக்க வேண்டும், போன வருடம் இங்கேதான் அடித்தோம் என்றாள். பழைய ஃபைலைத் திறந்தேன். 'மாதனூர் ராஜாத்தியம்மாள்' என்று அதில் இருந்தது. அந்தத் தேதிக்கு அடுத்த நாள் சுரேஷின் அப்பா ஃபைல். இந்த ஒரு போஸ்டரை மட்டும் அன்றைக்கு உனக்கென்று எடுத்து வைக்காமல் விட்டிருக்கிறேன்.

"இவங்க மாதனூராம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஆயா சார். தாத்தா கெணறு வெட்டப் போன எடத்துல இட்டுக்கினு வந்துட்டாராம். ஆயாவுக்கு ஒரே ஒரு தம்பி. என் தம்பி ஒரு நாளு வருவான், வருவான்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு. யாரும் வர்ல" என்றாள். எனக்குப் பின்னால் உன் வீட்டுப் பத்திரிகை ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது.

நான் அவளிடம் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன். போஸ்டர் ஆனதும் சொல்கிறேன் என்றேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பொய். நீ நிறுத்தியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். அன்றைக்கே அமிர்திப் பக்கம் பஸ் ஏறியிருப்பாய், அவ்வளவுதான். என் கவனக்குறைவு உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான். என் தோளைப் பிடித்து அழுதவன் என்னை வேறு மாதிரி பார்ப்பானே என்ற பயம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு குழந்தை பிறக்கட்டும் என்று தள்ளினேன். பேத்தி பிறந்தாள். வீட்டில் கூப்பிட ராஜாத்தி என்று நீயே பெயர் வைத்தாய். அதற்குப் பிறகு தள்ளுவதற்குக் காரணம்கூடத் தேடவில்லை.

கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. உன் போஸ்டரையும் நான்தான் அடித்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பழைய ஃபைல் எதையும் திறக்காமல், வெறும் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சரிபார்த்தேன். அந்த வேலை மும்முரத்தில் நீ செத்துப்போனது மனதில் ஏறவே இல்லை. இன்றைக்கும் முழுதாக ஏறவில்லை. சுரேஷின் அண்ணன் நெமிலியிலிருந்து மாலையோடு வந்து, "எங்க ஆயா பொறந்த வூட்ல எங்களுக்குன்னு இருந்தது இவரு ஒருத்தருதான்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அழக் காரணமில்லாத அந்த மனிதர் அப்படி அழுதார். நான் கையைக் கட்டிக்கொண்டு, எந்தச் சுவரில் போஸ்டர் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உன் வம்சாவளியை உட்கார்ந்து டைப் செய்தேன். உன் அப்பாவுக்கு மேலே இன்னும் இரண்டு பெயர்களைப் பிடித்திருக்கிறாய். எனக்குச் சொல்லவே இல்லையே. மாதனூர்க் கிழவிகளிடம் எப்படியோ கறந்திருக்கிறாய். அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை. அத்தையிலிருந்து நெமிலிக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டை மட்டும் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாய். கம்ப்யூட்டரில் அதற்கு அதிக வேலை இல்லை. மவுஸை அழுத்தி இழுத்தால் வந்துவிடுகிறது. இழுத்தேன். அடியில் குட்டி ராஜாத்தியின் பெயரைப் போட்டபோது, அவளைப் பொறுத்தவரை நெமிலியும் மாதனூரும் உண்மையிலேயே சொந்தம்தான் என்று தோன்றியது. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அது. அமிர்திப் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

நேற்று ரேவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஃப்ரேமை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே படித்தாள். உன்னைப் போலவே கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறாள். பிறகு, "நீங்க எல்லாரு வூட்டுப் பேரும் பாத்தவங்க. அப்பா கண்டுபுடிச்சது எல்லாம் சரிதான சித்தப்பா?" என்று கேட்டாள்.

"சரிதாம்மா" என்றேன்.

இத்தனை நாள் நான் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னது நேற்றுத்தான். அவள் ஃப்ரேமைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். குழந்தை தோளுக்கு மேலே எட்டி எனக்குக் கையாட்டியது. நானும் ஆட்டினேன்.

என் போனில் உன் நம்பர் அப்படியே இருக்கிறது. அந்த அமிர்திப் பெண்ணின் நம்பரும் இருக்கிறது. உன் நம்பருக்கு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அதை எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எடுத்துவிடுவாள்.