பூஜ்யம் வாங்கியவருக்கு

பூஜ்யம் வாங்கிய மனிதருக்கு என்ன ராஜ மரியாதை என்று நினைத்துக்கொண்டே அவள் பேனாவைத் தேடினாள். அவள் கணவர் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் பூஜ்யம் வாங்கினால் காதைத் திருகுவார். போன வாரம் இதய ஸ்கேனில், ரத்தக் குழாயில் கால்சியம் படிவு பூஜ்யம் என்று வந்ததும் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார்.

"எனக்கும் எடுத்துப் பாக்கணும், அப்பப்ப நெஞ்சை அடைக்குது" என்றாள் அவள்.

"உனக்கு வெறும் வாயுடி. எனக்கே ஒண்ணுமில்ல, உனக்கு என்ன வரப்போகுது?"

ஒரே குழாயை இருவரும் பங்குபோட்டுக்கொண்டதைப் போலப் பேசினார். அவளே தனியாகப் போய் ஸ்கேனுக்கு இன்றைய தேதியில் நேரம் வாங்கியிருந்தாள். காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்கக்கா வர்றாங்க. ஸ்கேன் எங்கயும் ஓடிப்போயிடாது, வீட்ல இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

'சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்குங்க. அண்ணிக்குப் படுக்கை போட்டாச்சு. சாவி எதிர்வீட்டுல.

மாடி ஏறும்போது நான் நின்னு நின்னுதான் வர்றேன். நீங்க முன்னாடியே போய்க் கதவத் திறந்துடறதால பாத்திருக்க மாட்டீங்க. எங்கப்பாவும் கடைசி வரைக்கும் வாயுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார்.

பால் இன்னும் காய்ச்சல.'

தொலைபேசி ஒலித்தது. பேசிவிட்டு வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

'ஸ்கேன் சென்டர்ல இருந்து கூப்பிட்டாங்க. என் நேரத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னீங்களாமே. தள்ள வேண்டாம், இப்பவே வர்றேன்னு சொல்லிட்டேன்.'